ஆக்ஸ்ஃபோர்டு கன்சர்வேட்டிவ் மாணவர் சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் என் வாட்ஸ்அப் நிரம்பிவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்த பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், பெற்றவர்களுக்குத் தெரிந்தவர்கள். முதலில் குளிர்கோட்டு எங்கே வாங்குவது என்பார்கள், அடுத்தது பொன்னி அரிசி. அக்டோபர் நடுவில், புதுமாணவர் சந்தையில் யாரோ கையில் திணித்த துண்டுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, "இதுல சேரலாமா?" என்று கேட்பார்கள். அந்தச் சீட்டுகளில் அதிகம் வருவது கன்சர்வேட்டிவ் சங்கத்தின் சீட்டுதான். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டி விரல் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: ஆராய்ச்சிக்கு இந்த ஊருக்கு வந்து, வேலை கிடைத்துத் தங்கிவிட்டவன். எந்தக் கட்சியிலும் இல்லை. இந்தச் சங்கத்தின் கூட்டங்களுக்கு மூன்று நான்கு முறை விருந்தாளியாகப் போயிருக்கிறேன்.

"அண்ணா, இது கட்சி ஆபீஸா, காலேஜ் கிளப்பா?"

காலேஜ் கிளப்தான், பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிப் பக்கம் நிற்கும் மாணவர்களுடையது. முழுப்பெயர் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி கன்சர்வேட்டிவ் அசோசியேஷன். 1924-இல் தொடங்கியது. தொடங்கி வைத்த லியோ ஏமரியை நாம் வேறு வழியில் அறிவோம். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் நடந்தபோது லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பிறந்தது கோரக்பூரில்.

இங்கே முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உண்டு. எந்தக் கல்லூரி மாணவரும் சேரலாம். லேபர் கட்சிக்காரர்களுக்கும் லிபரல்களுக்கும் இதேபோல் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன.

"கன்சர்வேட்டிவ்னா பழமைவாதம்தானே? ஆச்சாரம் பார்க்கிறவங்களா?"

மொழிபெயர்ப்பு செய்யும் குழப்பம் இது. 'பழமைவாதக் கட்சி' என்று பத்திரிகையில் படித்ததும் நமக்குப் பஞ்சாங்கமும் மடியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இங்கே அந்தச் சொல்லுக்குள் அடங்குவது வேறு: வரி குறைவாக இருக்கட்டும், அரசாங்கம் எல்லாவற்றிலும் தலையிட வேண்டாம், அரச குடும்பம் இருக்கட்டும், நன்றாக ஓடும் வண்டியைப் பிரித்துப் பார்க்காதே. இவர்களுக்கு 'டோரி' என்றும் பெயர் உண்டு. ஐரிஷ் மொழியில் கொள்ளைக்காரனைக் குறித்த சொல்லிலிருந்து வந்த பட்டம் அது. எதிரிகள் திட்டிய பெயரையே எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

உள்ளுக்குள் இவர்கள் ஒரே மாதிரி ஆட்களும் இல்லை. 2013-இல் ஒருபாலினத் திருமணச் சட்டத்தைக் கொண்டுவந்தது கன்சர்வேட்டிவ் பிரதமர் கேமரனின் அரசுதான். அந்த மசோதாவின் முதல் பெரிய வாக்கெடுப்பில் அவர் கட்சி எம்பிக்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே கூடுதல். மாணவர் சங்கத்திலும் அதே கலவை இருக்கிறது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கு என்பவனும், ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்கக்கூடாது என்பவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள்.

"ஆக்ஸ்ஃபோர்டு யூனியன்னு யூடியூப்ல வருதே, அதுதானே இது?"

இல்லை. யூனியன் என்பது 1823-இல் தொடங்கிய விவாத மன்றம். எந்தக் கட்சியையும் சேர்ந்ததல்ல, சொந்தக் கட்டடம் உண்டு. 1933-இல் "இந்த அவை எந்தச் சூழ்நிலையிலும் அரசருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடாது" என்ற தீர்மானத்தை 275-க்கு 153 என்று நிறைவேற்றி நாட்டையே அதிரவைத்தது அந்த மன்றம்தான். 1959-இல் அதற்குத் தலைவராக இருந்தவர் ஒரு தமிழர். பின்னாளில் இலங்கை வெளியுறவு அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமர்.

இவை போக மூன்றாவதாக மாணவர் பேரவை என்று ஒன்று உண்டு. கட்டணம், விடுதி போன்ற விவகாரங்களைப் பேசுவது அது. மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே முதல் மாதம் நிம்மதியாகப் போகும்.

"அப்போ நம்ம ஊர் ஏபிவிபி, எஸ்எஃப்ஐ மாதிரின்னு வச்சுக்கலாமா?"

வைத்துக்கொள்ள வேண்டாம். அவை நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் அமைப்புகள். கல்லூரித் தேர்தலில் நிற்கும், வாசலை மறிக்கும், கொடி பிடிக்கும். இது ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் சங்கம். ஸ்டிரைக் கிடையாது. பேச்சு, விருந்து, தேர்தல் சமயத்தில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது, அவ்வளவுதான்.

"வாரா வாரம் அங்க என்னதான் பண்றாங்க?"

அமைச்சர், எம்பி, பத்திரிகையாளர் என்று யாராவது வந்து பேசுவார்கள். ஆனால் சங்கத்தின் அடையாளமே 'போர்ட் அண்ட் பாலிசி' என்கிற ஞாயிறு இரவுக் கூட்டம்தான். போர்ட் என்பது போர்ச்சுகலின் இனிப்பு ஒயின். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொள்கை பேசுவார்கள். ஒரு தீர்மானத்தைப் படிப்பார்கள், இரு பக்கமும் பேசுவார்கள், பிறகு கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கேட்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பிடித்தால் மேசையைத் தட்டுவார்கள், பிடிக்காவிட்டால் கத்துவார்கள்.

நான் முதல்முறை போனபோது ஒரு முதலாண்டுப் பையன் எழுந்தான். அப்பாவின் கோட்டோ என்னவோ, தோள்பட்டை இரண்டு அங்குலம் வெளியே தொங்கியது. தன் கிராமத்து அஞ்சலகத்தை மூடியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்வரிசையிலிருந்து "ஷேம்! ஷேம்!" என்று நாலு குரல். பையனுக்கு முகம் செத்துவிட்டது. தன்னைத்தான் வெட்கக்கேடு என்கிறார்கள் என்று நினைத்து உட்காரப் போனான். பக்கத்திலிருந்த பெண் கையைப் பிடித்து நிறுத்தி, "அஞ்சலகத்தை மூடினதுக்குச் சொல்றாங்க, உன்னை இல்ல" என்றாள். அடுத்த இரண்டு நிமிடம் அவன் பேசியது அன்றைக்கு நான் கேட்டதிலேயே நல்ல பேச்சு. நாடாளுமன்றத்துச் சத்தத்துக்கு இப்படித்தான் பத்தொன்பது வயதில் காது பழகுகிறது.

"என் பையன் குடிக்க மாட்டான். அவனைக் கட்டாயப்படுத்துவாங்களா தம்பி?"

மாட்டார்கள், அக்கா. நான் ஆரஞ்சு ஜூஸோடுதான் உட்கார்ந்திருந்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குடிக்கிற பிள்ளைகளுக்குத்தான் எச்சரிக்கை. "ஒயின்தானே" என்று போர்ட்டை மடக் மடக்கென்று விடக்கூடாது. சாதாரண ஒயினில் ஆல்கஹால் 12, 13 சதவீதம் என்றால் போர்ட்டில் சுமார் 20.

"ஒரே வருஷத்துல மூணு தலைவரா? எதுக்கு?"

இங்கே ஆண்டுக்கு மூன்று பருவம்: மிக்கேல்மஸ், ஹிலரி, ட்ரினிட்டி. ஒவ்வொன்றும் எட்டே வாரம். பருவத்துக்கு ஒரு தேர்தல், ஒரு தலைவர். செயலாளர், பொருளாளர் என்று கீழிருந்து ஏறி வர வேண்டும். ஆக, எப்போதும் ஏதாவது ஒரு தேர்தல் நெருங்கிக்கொண்டே இருக்கும்.

என்னைக் கேட்டால் சங்கத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. கொள்கையை இங்கே கற்கிறார்களோ இல்லையோ, ஓட்டு எண்ணக் கற்றுக்கொள்கிறார்கள். யார் யாருடைய ஆள், யாருக்கு யார் மேல் கோபம், எவரிடம் எந்த வாரம் பேசினால் வேலை நடக்கும் என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவர்களை இங்கே 'ஹேக்' என்பார்கள். ஒருமுறை மட்டும் பார்த்த பையன் ஆறாவது வாரத்தில், "ரொம்ப நாளாச்சே, காபி குடிக்கலாமா?" என்று செய்தி அனுப்பினால் அவன் ஹேக். காபியைக் குடியுங்கள், வாக்குறுதி கொடுக்காதீர்கள்.

"தாட்சர் இங்கேயிருந்துதான் வந்தாங்களாமே?"

ஆமாம். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான தாட்சருக்குக் கல்யாணத்துக்கு முன் பெயர் மார்கரெட் ராபர்ட்ஸ். கிரான்தம் என்ற ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். 1943-இல் சோமர்வில் கல்லூரியில் வேதியியல் படிக்க வந்தார். அவருக்குப் பாடம் சொன்னவர் பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய டோரதி ஹாட்ஜ்கின். அரசியலில் ஆசை உள்ள ஆண்பிள்ளை அந்தக் காலத்தில் முதலில் போகும் இடம் யூனியன். ஆனால் யூனியன் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1963-இல்தான். அந்தக் கதவு சாத்தியிருந்தது. இந்தச் சங்கத்தின் கதவு திறந்திருந்தது. மேடையில் பேசி அசத்தித் தலைவராவது யூனியனின் வழி. இங்கே நோட்டீஸ் ஒட்டி, நாற்காலி போட்டு, உறுப்பினர் சேர்த்து மேலே வரலாம்.

அவர் அப்படித்தான் வந்தார். 1945 பொதுத்தேர்தலில் ஆக்ஸ்ஃபோர்டு வேட்பாளர் குவின்டின் ஹாக்குக்காகப் பிரசாரம் செய்தார். 1946-இல் சங்கத் தலைவர். அந்த ஆண்டு பிளாக்பூலில் நடந்த கட்சி மாநாட்டுக்குச் சங்கத்தின் சார்பில் போனார். போரில் ஜெயித்த சர்ச்சிலையே மக்கள் தோற்கடித்திருந்த நேரம் அது. கட்சி சோர்ந்து கிடந்தது. கட்சி தளர்ந்த நேரத்தில் உள்ளே வருகிறவருக்கு நாற்காலி சீக்கிரம் கிடைக்கும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

குவின்டின் ஹாக்கின் பெயரை நினைவில் வையுங்கள், இன்னொரு பதிலில் மறுபடி வருவார்.

"பணக்கார வீட்டுப் பசங்க கிளப்புன்னு சொல்றாங்களே?"

பாதி உண்மை. 1991-இல் தலைவராக இருந்த ஜேக்கப் ரீஸ்-மாக் (பின்னாளில் கன்சர்வேட்டிவ் அமைச்சர்) ஈட்டன் என்ற பணக்காரப் பள்ளியில் படித்தவர், அப்பா 'தி டைம்ஸ்' நாளேட்டின் ஆசிரியராக இருந்தவர். மறுபுறம், மளிகைக்கடை மகளைப் பற்றி மேலே சொன்னேன். அவருக்கு முன்னால் 1937-இல் தலைவராக இருந்த எட்வர்ட் ஹீத்தின் அப்பா தச்சர், அம்மா வீட்டுவேலை செய்தவர். ஹீத் பேலியல் கல்லூரியில் படித்தபோது அவருக்குக் கைகொடுத்தது தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பதற்கான உதவித்தொகை.

செய்திகளில் அடிபடும் புல்லிங்டன் கிளப் வேறு, அது பணக்கார மாணவர்களின் தனி விருந்துக் குழு. கேமரன், போரிஸ் ஜான்சன் ஆகியோர் வால்கோட்டு போட்டு நிற்கும் பழைய புகைப்படம் அந்தக் கிளப்புடையது. 2018-இல் புல்லிங்டன் உறுப்பினர்கள் தங்கள் சங்கத்தில் பதவி வகிக்கக்கூடாது என்று கன்சர்வேட்டிவ் சங்கமே தடை கொண்டுவந்தது செய்தியானது. நம் பிள்ளைகளுக்கு உறுத்துவது பணத்தைவிட உச்சரிப்புதான் என்று நினைக்கிறேன். அறை முழுக்க ஒரே மாதிரி ஆங்கிலம் கேட்கும்போது வாய் தானாக மூடிக்கொள்ளும். இரண்டாவது வாரம் சரியாகிவிடும்.

"சேர்ந்தா கட்சி சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணுமா?"

ஹீத்தைக் கேளுங்கள். 1938 செப்டம்பர் கடைசியில் பிரதமர் சேம்பர்லின் மியூனிக்கில் ஹிட்லரோடு உடன்படிக்கை போட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த மாதமே ஆக்ஸ்ஃபோர்டில் இடைத்தேர்தல். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் அதே குவின்டின் ஹாக், சேம்பர்லினை ஆதரித்தவர். எதிர்த்து நின்றவர் பேலியல் கல்லூரித் தலைவர் லிண்ட்சே. அவருக்காக லேபர், லிபரல் வேட்பாளர்கள் இருவருமே விலகிக்கொண்டார்கள். "ஹாக்குக்குப் போடும் ஓட்டு ஹிட்லருக்குப் போடும் ஓட்டு" என்பது அங்கே கேட்ட கோஷம். ஓராண்டுக்கு முன்புதான் கன்சர்வேட்டிவ் சங்கத்தின் தலைவராக இருந்த ஹீத், தன் கட்சி வேட்பாளரை எதிர்த்து லிண்ட்சேவுக்காகத் தெருவில் இறங்கினார். ஹாக் 3,434 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஹீத்துக்கு எந்த முதலும் முழுகிப் போகவில்லை. அடுத்த ஆண்டு யூனியன் தலைவரானார், 1970-இல் அதே கட்சியின் பிரதமரானார்.

சில நேரம் கட்சிதான் மாணவர்களைப் பார்த்துப் பயந்திருக்கிறது. கன்சர்வேட்டிவ் மாணவர் கூட்டமைப்பு என்று நாடு தழுவிய ஓர் அமைப்பு இருந்தது. 1980-களில் அது தாட்சரையே மிதவாதி ஆக்கும் அளவுக்குத் தீவிரமாகப் போய்விட்டது. முன்னாள் கன்சர்வேட்டிவ் பிரதமர் மெக்மில்லனைப் போர்க்குற்றவாளி என்று அதன் இதழில் எழுதினார்கள். 1986-இல் கட்சித் தலைமையே அதை இழுத்து மூடியது. மூடியவர் அப்போது கட்சி அமைப்பின் பொறுப்பில் இருந்த நார்மன் டெபிட், அவரே கட்சியில் கடும் வலதுசாரி! பல்கலைக்கழகச் சங்கம் இப்படிப்பட்ட நாடு தழுவிய அமைப்புகளைவிட மூத்தது, அவை வந்து போன பின்பும் நிற்கிறது.

"உதிலை சேர்ந்தால் பிறகு எம்பி ஆகலாமோ தம்பி?"

ஹாரோவிலிருந்து ஓர் ஐயா கேட்டது. மகளுக்காகக் கேட்டார். ஆனவர்கள் உண்டு ஐயா. வில்லியம் ஹேக் இங்கே தலைவராக இருந்தவர், பிறகு கட்சித் தலைவரானார். 1987-இல் தலைவராக இருந்த ஜெரமி ஹண்ட் நிதியமைச்சர் வரை போனார்.

ஆனால் பட்டியலைத் திருப்பிப் பார்த்தால் வேறு கதை தெரியும். கேமரன் மாணவர் அரசியல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ரிஷி சுனக் லிங்கன் கல்லூரியில் படித்தபோது நடத்தியது முதலீட்டுச் சங்கம். லிஸ் ட்ரஸ் இதே ஆக்ஸ்ஃபோர்டில் லிபரல் டெமாக்ரட் மாணவர் சங்கத்துக்குத் தலைவி! மூவரும் கன்சர்வேட்டிவ் பிரதமர்கள். சங்கத் தலைவர்களில் பெரும்பாலோர் வக்கீலாகவோ வங்கியிலோ வேலைக்குப் போய்விடுகிறார்கள், அவர்கள் பெயரை யாரும் பட்டியல் போடுவதில்லை.

"காதல் கீதல்னு ஏதாவது..."

அத்தை, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். 1976-இல் இந்தச் சங்கம் நடத்திய நடன நிகழ்ச்சியில் தெரசா பிரேசியர் என்ற பெண்ணுக்குப் பிலிப் மே என்ற பையனை அறிமுகம் செய்து வைத்தவர் பேநசீர் பூட்டோ. தெரசா மே பிரிட்டனின் பிரதமரானார், பேநசீர் பாகிஸ்தானின் பிரதமரானார். உங்கள் மகன் எம்எஸ்சி முடித்து ஒழுங்காக வந்துவிடுவான்.

"இனவெறிப் பிரச்சினை வந்துச்சாமே? நம்ம ஆளுங்க போனா எப்படி நடத்துவாங்க?"

வந்தது. 2009-இல் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் பேசிய கூட்டத்தில் இனவெறி 'ஜோக்' சொல்லப்பட்டது வெளியே வந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைச் சங்கம் இழந்தது. மாணவர் சங்கங்களைப் பதிவு செய்து கண்காணிப்பவர்கள் ப்ராக்டர்கள் எனப்படும் அதிகாரிகள். அவர்கள் கைவைத்தால் சங்கத்துக்கு அது பெரிய அடி. 2011-இல் சில உறுப்பினர்கள் நாஜிப் பாட்டு பாடியதாக மறுபடி குற்றச்சாட்டு, அதுவும் தேசிய நாளேடுகள் வரை போனது. பெயர் பிற்பாடு திரும்பக் கிடைத்து, இப்போது பழைய பெயரிலேயே இயங்குகிறது.

என் அனுபவம் மட்டும் சொல்கிறேன்: போன நாட்களில் யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அறையில் தெற்காசிய முகங்கள் இருந்தன, பதவியிலும் இருந்தார்கள். ஆனால் குடியேற்றம் பற்றிய தீர்மானம் வந்த இரவு, என்னைப் போன்றவர்களை 'எண்ணிக்கை' என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுகமாக இல்லை. எழுந்து பதில் சொல்லியிருக்கலாம், அந்த அறையில் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துதான் நல்ல நல்ல பதிலாக வந்தது.

"ஆக்ஸ்ஃபோர்டே டோரி யுனிவர்சிட்டிதானே, அப்புறம் எதுக்குத் தனியா சங்கம்?"

வெளியூரிலிருந்து பார்க்க அப்படித் தெரியும். 1985-இல் தாட்சர் பிரதமராக இருக்கும்போதே அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரலாமா என்று இங்குள்ள ஆசிரியர்கள் வாக்கெடுத்தார்கள். கல்வி, ஆராய்ச்சி நிதியை அவர் வெட்டிய கோபம். 738-க்கு 319 என்று மறுத்துவிட்டார்கள். 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் சுமார் 70 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருப்போம் என்று வாக்களித்தார்கள். மாணவர்களிடையே கன்சர்வேட்டிவ் என்பது சிறுபான்மை. அவர்கள் அவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

"ஸ்டூடண்ட் விசாவுல இருக்கேன். சேரலாமா? ஓட்டுப் போட முடியுமா?"

சங்கத்தில் சேரலாம், அது வேலையில்லை, சம்பளமில்லை. கட்சி உறுப்பினர் அட்டை தனி. சங்கத்தில் சேர்ந்ததாலேயே கட்சியில் சேர்ந்ததாகாது.

இரண்டாவது கேள்விக்குத்தான் எல்லோரும் வாய் பிளப்பார்கள். முடியும்! இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். பதினெட்டு வயது நிரம்பி, முறையான விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். பக்கத்து அறை பிரெஞ்சுப் பையனுக்கு அது கிடையாது. வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள், உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டே போதும். கன்சர்வேட்டிவுக்கோ வேறு யாருக்கோ, அது உங்கள் பாடு. பட்டியலில் பெயரை மட்டும் வந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.

"நான் லெஃப்ட். சும்மா வேடிக்கை பார்க்கப் போனா தப்பா? என்ன போட்டுட்டுப் போகணும்?"

தப்பே இல்லை. எதிர்க்கருத்துக்காரன் வந்தால்தான் அவர்களுக்கும் சுவாரசியம். முதலில் ஒரு நண்பரோடு விருந்தாளியாகப் போங்கள், அன்றைக்கே உறுப்பினர் கட்டணம் கட்ட அவசரப்படாதீர்கள். போவதற்கு முன் 'செர்வெல்' என்ற மாணவர் பத்திரிகையில் சங்கத்தின் பெயரைத் தேடிப் படியுங்கள். அந்தப் பருவத்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது அதில் இருக்கும்.

ஆண்கள் கோட்டு, டை. பெண்களும் அதற்கு ஈடாக ஏதாவது. ஒரு பட்டுப்புடவையை அந்த அறையில் பார்த்திருக்கிறேன், எல்லோரையும்விட அதுதான் எடுப்பாக இருந்தது. கோட்டு இல்லை என்றால் புதிதாக வாங்காதீர்கள். அறக்கொடைக் கடைகளில் பழைய கோட்டு நல்லதாகவே கிடைக்கும். தோள்பட்டை அளவு மட்டும் பார்த்து எடுங்கள்.